கட்டியகாரனும் மைக்கும்

ஐயா, மேடையிலும் பிறகு தொலைக்காட்சி நாடகங்களிலும் நன்றாக நடித்துக்கொண்டிருந்தவர், இப்போது பாட்டுப் போட்டிக்கு மைக் பிடித்துத் தொகுப்பாளராக நிற்கிறார். நல்ல நடிகர் ஒருவரை இழந்துவிட்டோம். சம்பளம்தான் காரணமா? மேடைக்குத் திரும்பி வருவாரா?
ஒரு வாசகர், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்திலிருந்து நடிகரின் பெயரை எடுத்துவிட்டேன், குறை நினைக்காதீர்கள். சம்பளமும் காரணமாக இருக்கும், அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாமா? அதை விடுங்கள். ‘இழந்துவிட்டோம்’ என்றீர்களே, அதுதான் சுருக்கென்றது. நீங்கள் கடைசியாக ரிக்கெற் எடுத்து நாடகம் பார்த்தது எப்போது? யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தில் பாதிக் கதிரை வெறுமையாகக் கிடக்கும்போது வராதவர்கள்தான் பிறகு இப்படிக் கடிதம் எழுதுகிறார்கள். (கோபமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.)

தொகுப்பது நடிப்புக்குக் கீழான வேலை என்று யார் சொன்னது? எங்கள் கூத்தில் ராசாவுக்கு முன் களரிக்கு, அதாவது ஆடும் இடத்துக்கு, வருகிறவன் கட்டியகாரன். ராசா வருகிறார் என்று அவன் சொல்லிச் சனம் நம்பினால்தான் ராசா, இல்லாவிட்டால் தலையில் இருப்பது வெறும் அட்டை முடி. கரவெட்டிக்காரர், நடிகர் கே.எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ தனிநடிப்பைக் கேட்டிருப்பீர்கள். பஸ்ஸும் இல்லை, பயணிகளும் இல்லை. ஒற்றை ஆள் கொண்டக்டராக நின்று கதைக்கக் கதைக்க எங்களுக்கு முழு பஸ்ஸும் நெரிசலோடு தெரியும். அது நடிப்பா தொகுப்பா, நீங்களே பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒருமுறை எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் என்னைத் தொகுக்க விட்டார்கள். எல்லாம் தாளில் எழுதிக்கொண்டு போனேன். இரண்டாவது அறிவிப்பிலேயே கறண்ட் போய்விட்டது. தாளும் தெரியவில்லை, வாயும் வரவில்லை, சனம் எழும்பத் தொடங்கிவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு வயதான கூத்துக்காரர், ஒரு கன்னத்தில் மட்டும் அரிதாரத்தோடு, ரோர்ச் லைற்றைத் தன் முகத்துக்கே அடித்துக்கொண்டு வந்தார். முன்வரிசைக் கிழவி ஒருத்தியைப் பார்த்து, “ஆச்சி, சாப்பிட்டிட்டோ வந்தனீங்கள்?” என்றார். “இல்லை மோனை” என்றாள் ஆச்சி. அவ்வளவுதான், அரை மணித்தியாலம் ஒருவரும் அசையவில்லை.

கறண்ட் வந்ததும் மைக்கை அவரிடம் நீட்டினேன். “நீர் வைச்சிரும்” என்றுவிட்டு மற்றக் கன்னத்தைப் பூசப் போய்விட்டார்.