நெய்வேலிக் கரியில் மகரந்தம்: கல்லூரி மைக்ராஸ்கோப் போதுமா?

கேள்வி: பி.எஸ்சி. ஜியாலஜி படிக்கிறேன். நெய்வேலியில் லாரியிலிருந்து விழுந்த பழுப்பு நிலக்கரிக் கட்டி ஒன்று கையில் இருக்கிறது. அதிலுள்ள மகரந்தத்தைக் கல்லூரி ஆய்வகத்திலேயே பார்க்க முடியுமா? ஹைட்ரோபுளோரிக் அமிலம் வேண்டும் என்கிறார்களே?

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். ஹைட்ரோபுளோரிக் அமிலத்தின் பக்கமே போகாதீர்கள். அது மணலையும் களிமண்ணையும் கரைக்கத்தான். கண்ணாடியையே தின்னும்; தோலில் பட்டால் எலும்பு வரை இறங்கும். மண் கலக்காத கரிக்கு அது தேவையே இல்லை.

மகரந்தம், பெரணி போன்ற செடிகளின் ஸ்போர் (இனம் பரப்பும் நுண்துகள்) இரண்டின் வெளிச்சுவரும் ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. காரத்துக்கும் பெரும்பாலான அமிலங்களுக்கும் அது மசியாது. சுற்றியுள்ள கரியைக் கரைத்துவிட்டு அதை மட்டும் மிச்சம் வைப்பதுதான் நம் வேலை.

கட்டியின் மேற்பரப்பைச் சீவி எறியுங்கள். இன்றைய முந்திரி, சவுக்கு மகரந்தமெல்லாம் அதில்தான் ஒட்டியிருக்கும். உள்பகுதியை அரிசி அளவுக்கு நொறுக்கினால் போதும், மாவாக்க வேண்டாம், மகரந்தமும் உடையும். சில கிராம் எடுத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, கொதிக்கவிடாமல் வெந்நீர்த் தொட்டியில் சூடாக்குங்கள். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கொஞ்ச நேரத்தில் கரைசல் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிடும். கரியிலுள்ள பழுப்பு நிற மக்குப் பொருளான ஹ்யூமிக் அமிலம் கரைகிறது என்று அர்த்தம். அப்புறம் தண்ணீர் தெளியும் வரை சென்ட்ரிபியூஜில் (வேகமாகச் சுழற்றி வண்டலை அடியில் படியவைக்கும் கருவி) கழுவிக் கழுவி வடியுங்கள். இந்த இடத்தில்தான் பலருக்கும் பொறுமை போகும். அவசரப்பட்டால் ஸ்லைடு முழுக்கப் பழுப்புக் கலங்கல்தான் மிஞ்சும். கழுவிய பிறகும் கருப்பாகவே இருந்தால் நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, கழுவி, மறுபடி காரத்தில் போட வேண்டும். அதை ஆசிரியர் முன்னிலையில், புகைப்போக்கிப் பெட்டிக்குள் மட்டும் செய்யுங்கள்.

வண்டலில் ஒரு துளியைக் கிளிசரினில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். நெடுக ஒரே பள்ளம் ஓடும் நீள்வட்ட மணி பெரும்பாலும் பனைக்குடும்பம். மூன்று கிளைக் கோடு தெரிந்தால் பெரும்பாலும் பெரணி ஸ்போர். கரும்பழுப்பாக, அறை அறையாகத் தெரிவது பூஞ்சை ஸ்போர். புதியவர்கள் ஏமாறுவது இதில்தான். தொல்மகரந்தம் மஞ்சளாக, நசுங்கி, உள்ளே வெறுமையாக இருக்கும். உள்ளே சரக்கு தெரிந்தால் அது இன்றைய மகரந்தம்.

ஒரு ஸ்லைடை வைத்து வயது சொல்லக் கிளம்பாதீர்கள். நெய்வேலிக் கரி மயோசீன் காலத்தது என்றே நெடுநாள் சொல்லிவந்தார்கள். மகரந்தத்தைப் பார்த்து, அதைவிடப் பழைய ஈயோசீன் காலத்தது என்று வாதிட்டவர்களும் உண்டு. லாரிக்கட்டி எந்த ஆழத்தில் வெட்டியது என்று தெரியாது, பழக அது போதும். புராஜெக்ட்டுக்கு என்றால் துறைத்தலைவர் கடிதத்தோடு சுரங்க நிர்வாகத்திடம் ஆழம் குறித்த மாதிரியைக் கேளுங்கள்.