எதில் கேட்கப் போகிறீர்கள்? கிட்டார் மாடலர் கேள்வி பதில்

கோத்தகிரியில் இருக்கிறேன். கல்யாண வரவேற்பு, தேவாலயம், கல்லூரி விழா என்று நீலகிரி முழுக்க கிட்டார் வாசிக்கிறேன். ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, பெடல், மைக் எல்லாவற்றின் சத்தத்தையும் கணக்குப் போட்டு உருவாக்கும் சின்னப் பெட்டிதான் மாடலர். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இன்று பதில் சொல்கிறேன்.

குன்னூர், கல்லூரி மாணவர்: 15,000 ரூபாய்க்குள் எந்த மாடலர் வாங்கலாம் அண்ணா?

தம்பி, பெட்டியை அப்புறம் பார்ப்போம். அதை எதில் கேட்கப் போகிறீர்கள்? ஹெட்போனிலா, வீட்டில் இருக்கும் சின்ன கிட்டார் ஆம்பிலா, மைக்செட்டிலா? இது தெரியாமல் மாடல் பெயர் சொன்னால் உங்கள் காசு வீண்.

காரணம் இருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் வெளியே விடாது. டிஸ்டார்ஷனின் கரகரப்பை வெட்டி நம் காதுக்கு இதமாக்குவதே அந்த ஸ்பீக்கர்தான். மாடலரில் அந்த வேலையை 'கேப்' (ஸ்பீக்கர் பெட்டி) அல்லது 'ஐஆர்' (அந்தப் பெட்டியின் ஒலியை அளந்த பதிவு) என்கிற பகுதி செய்கிறது. கேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை கிட்டார் ஆம்பில் சொருகினால் இரண்டு முறை வெட்டு விழும். கம்பளிக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்கும். கேப்பை அணைத்துவிட்டு மைக்செட்டில் சொருகினால் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கும். 'மாடலர் சரியில்லை' என்று என்னிடம் கொண்டு வருபவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஒரு ஸ்விட்ச்தான் பிரச்சினை. ஆகவே கிட்டார் ஆம்ப் என்றால் கேப் ஆஃப். மைக்செட், ஹெட்போன் என்றால் கேப் ஆன்.

உங்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கை நல்ல ஹெட்போனுக்கு ஒதுக்குங்கள். மீதியில் ஜூம் ஜி1 ஃபோர் வகையைப் பாருங்கள். அது 4 ஏஏ செல்லில் ஓடும். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் பயிற்சி நிற்காது.

ஊட்டி, இசைக்குழு நடத்துபவர்: வீட்டில் அருமையாக இருக்கும் பிரீசெட் (சேமித்து வைத்த செட்டிங்) மண்டபத்தில் ஏன் கேவலமாகிறது?

இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. நானே பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒரு ஹட்டியில் (படகர் ஊர்) கல்யாண வரவேற்பு. முந்தின இரவு கட்டிலில் உட்கார்ந்து, வீட்டில் எல்லோரும் தூங்கியபின், ஹெட்போனில் இரண்டு மணி நேரம் செதுக்கிய பிரீசெட். பேஸ் நிறைய, ட்ரெபிள் மினுமினுவென்று. மறுநாள் மண்டபத்தில் முதல் கார்டு அடித்ததும் மேஜையில் இருந்த தம்ளர்கள் கிணுகிணுத்தன. பாட்டுக்குள் என் கிட்டார் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. மைக்செட்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே என் ஃபேடரை இறக்கினார். அவர் செய்தது சரி.

சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸையும் உச்ச ட்ரெபிளையும் சரியாகப் பிடிக்காது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் இரவில் மெதுவாகக் கேட்டு செட் செய்கிறவர் அந்த இரண்டையும் தானாகவே ஏற்றிவிடுவார். மண்டபச் சத்தத்தில் காது விழித்துக்கொள்ளும். ஏற்றிய இரண்டும் பூதமாகிவிடும்.

அன்று மேடையிலேயே குனிந்து 'லோ கட்' (கீழ் ஒலியை வெட்டுவது) அளவை 100 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன், 'ஹை கட்' (மேல் ஒலியை வெட்டுவது) அளவை 6 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினேன், கெயினை (டிஸ்டார்ஷனின் அளவு) பாதியாக்கினேன். மைக்செட்காரர் ஃபேடரை மறுபடி ஏற்றினார். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் இருக்கிற இடத்தில் நம் கிட்டாருக்கு 100-க்குக் கீழே வேலையே இல்லை. தனியாகக் கேட்டால் ஒல்லியாகத் தெரியும். குழுவோடு கேளுங்கள், அப்போது புரியும்.

நிகழ்ச்சிக்கு முன் ஒருநாளாவது, வாசிக்கப்போகும் அதே சத்தத்தில், அதே மாதிரி ஸ்பீக்கரில் செட் செய்யுங்கள். மிக்சருக்குப் போனால் அவுட்புட்டை 'லைன்' அளவில் வையுங்கள். கிட்டார் ஆம்பின் முன் ஜாக்கில் சொருகினால் 'இன்ஸ்ட்ருமென்ட்' அளவு.

கூடலூர்: வீட்டில் கிடக்கிற 9 வோல்ட் அடாப்டரைப் போடலாமா?

மூன்று விஷயம் பார்க்காமல் போடாதீர்கள்: வோல்ட், மில்லிஆம்ப், பின்னின் நடுவில் மைனஸா பிளஸா. உதாரணமாக, ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற மாடலருக்கு 9 வோல்ட்தான், ஆனால் 3000 மில்லிஆம்ப் வேண்டும், நடுவில் மைனஸ். 500 மில்லிஆம்ப் அடாப்டர் அதைத் தூக்காது. நடுவில் பிளஸ் வருகிற அடாப்டரைச் சொருகினால் பெட்டி அங்கேயே போய்விடலாம்.

ஊட்டி: லேப்டாப்பின் மைக் ஓட்டையில் கிட்டாரைச் சொருகலாமா? இலவச மென்பொருள் இருக்கிறதாமே.

மைக் ஓட்டை வேண்டாம். கிட்டார் பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவு இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) உள்ள இன்புட் வேண்டும். இல்லையென்றால் ட்ரெபிள் செத்துவிடும். கிட்டார் இன்புட் உள்ள சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒன்று வாங்குங்கள். 'நியூரல் ஆம்ப் மாடலர்' உண்மையிலேயே இலவசம், தரமும் உண்டு. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (கணினி சத்தத்தைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 128 சாம்பிள் வைத்தால் அதற்கான தாமதம் 2.7 மில்லி செகண்ட். ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் காற்றில் சத்தம் வந்து சேரவே 3 மில்லி செகண்ட் ஆகும். போகவர இரண்டு பஃபர் சேர்ந்தாலும் கைக்குத் தெரியாது.

கோத்தகிரி: 20,000 ரூபாய்க்கு எது நல்லது?

முதல் பதிலைப் படியுங்கள். எதில் கேட்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள், சொல்கிறேன்.

கொடைக்கானல், மூத்த வாசிப்பாளர்: 30 வருடமாக வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் வைத்திருக்கிறேன். பேரன் வாங்கித் தந்த மாடலரில் உயிரே இல்லை. கணக்குப் போட்டு வால்வைக் கொண்டுவர முடியாது தம்பி.

ஐயா, நீங்கள் கேட்கும் வித்தியாசம் உண்மை. ஆனால் காரணம் வால்வ் இல்லை என்பது என் எண்ணம். மாடலர் தருவது ஸ்பீக்கரின் முகத்தில் மைக் வைத்துப் பதிந்த சத்தம், ரெக்கார்டில் கேட்பது. நீங்கள் 30 வருடம் கேட்டது அறையின் நடுவில் நின்று, முழங்காலில் காற்று மோத, பெட்டியிலிருந்து நேராக வந்த சத்தம். இரண்டும் வேறு.

அதே ஐயா: ஒத்துக்கொள்ள மாட்டேன். மெதுவாக அடித்தால் சுத்தம், அழுத்தி அடித்தால் உறுமல். கைக்குப் பதில் சொல்வது வால்வ்தான்.

ஊட்டி, மாணவர்: வால்வ் காலம் முடிந்துவிட்டது. 30 கிலோவைத் தூக்கிக்கொண்டு யார் மலை ஏறுவார்கள்?

முதலில் தம்பிக்கு. மாடலரில் இருக்கும் ஆம்ப் சத்தங்களில் பெரும்பாலானவை அந்த மாதிரி வால்வ் பெட்டிகளை அளந்து எடுத்ததுதான். மூலத்தைத் தெரிந்தவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள்.

ஐயா, 1998-ல் வந்த 'பாட்' என்ற மாடலரின் காலத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. கை அழுத்தத்துக்கு அது பதில் சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. இப்போதைய பெட்டிகள், அழுத்தி அடிக்கும்போது வால்வ் ஆம்பில் வரும் வோல்டேஜ் தொய்வு வரை கணக்கெடுக்கின்றன. இன்னொன்று, வால்வ் பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று இழுக்கும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் பேஸில் ஓரிடத்திலும் மேலே ட்ரெபிளிலும் ஏறுகிறது, வால்வ் ஆம்ப் அந்த இடங்களில் கூடுதலாகத் தள்ளும். அந்த உறுமலில் ஒரு பங்கு இதுதான். ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் ஆம்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் ஜாக் (ஆம்பின் முன்பகுதியைத் தாண்டி நேராகப் பவர் ஆம்புக்குப் போகும் ஓட்டை) இருக்கிறதா? மாடலரில் கேப்பையும் பவர் ஆம்பையும் அணைத்துவிட்டு அதில் சொருகுங்கள். உங்கள் வால்வும் உங்கள் ஸ்பீக்கரும்தான் பாடும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கர் ஒயர் இணைக்காமல் வால்வ் ஆம்பை ஓட்டக்கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடலாம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். படிக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

குன்னூர்: உர்ர்ர் என்று சத்தம் வருகிறது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் போகும் என்கிறார்களே?

எடுக்காதீர்கள். ஒரு கை கிட்டார் கம்பியில், உதடு மைக்கில் இருக்கும்போது உயிர் போகும். கம்பியைத் தொட்டதும் உர்ர் குறைகிறதா? குறைந்தால் பெரும்பாலும் பிக்கப் அறையிலிருந்து இழுக்கும் இரைச்சல். அடாப்டரிலிருந்தும் விளக்கிலிருந்தும் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். யூஎஸ்பி மாட்டியிருந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். மலிவான இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வந்தால் குற்றம் இன்வெர்ட்டருடையது.

ஊட்டி: பனிக்காலத்தில் மாடலருக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும். டிசம்பர் இரவில் ஜீப்பின் பின்னால் கிடந்த பெட்டியை ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுபோய்த் திறந்தேன். இரும்பு ஸ்விட்சுகள் மேல் முத்து முத்தாக நீர். உள்ளே சர்க்யூட்டிலும் அப்படித்தான் படியும். போனதும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் உள்ளேயே வையுங்கள். ஈரம் காய்ந்தபின் கரண்ட் கொடுங்கள்.

கூடலூர்: ஃபர்ம்வேர் (மாடலருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் எப்போது போடலாம்?

மழையும் இடியும் இல்லாத பகலில். முதலில் பிரீசெட்டுகளைக் கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள். பாதியில் கரண்ட் போனால் பெட்டி கல்லாகக் கிடக்கும். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஒருபோதும் வேண்டாம்.

குன்னூர்: கீபோர்டுக்கும் இதையே பயன்படுத்தலாமா?

என் துறை இல்லை. கீபோர்டு வாசிப்பவரிடம் கேளுங்கள்.

ஊட்டி: 25,000 ரூபாய்க்கு எது பெஸ்ட்?

எதில் கேட்கப் போகிறீர்கள்?

கொடைக்கானல் ஐயா: ரிட்டர்னில் சொருகிப் பார்த்தேன். சுத்தமான சத்தம் சரியாக இருக்கிறது. உறுமல் இன்னும் வரவில்லை.

செய்து பார்த்ததற்கு நன்றி ஐயா. மாடலரில் கெயினைக் குறைத்து, ஆம்பின் மாஸ்டரை (மொத்த சத்தக் குமிழ்) ஏற்றுங்கள். ரிட்டர்ன் உங்கள் ஆம்பில் மாஸ்டருக்குப் பின்னால் இருந்தால் மாடலரின் அவுட்புட்டை ஏற்ற வேண்டும். அடுத்த மாதம் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் வருகிறேன். உங்கள் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றிலேயே வால்வ் ஆம்பையும், தனி பவர் ஆம்ப் வழியாக மாடலரையும் மாற்றி மாற்றிப் போடுவோம். நீங்கள் திரும்பி உட்கார்ந்து கேளுங்கள், பேரன் ஒயரை மாற்றட்டும். ஒவ்வொரு முறையும் வால்வ் ஆம்பை அணைத்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.