முதல் டிரையத்லான்: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: வெயில் அதிகமுள்ள கடற்கரை நகரம் ஒன்றில் நடக்கும் டிரையத்லானில் முதன்முறையாகக் கலந்துகொள்ளப் போகிறேன். 750 மீட்டர் கடல் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். கடையில் கேட்டால் வெட்சூட் (உடலை ஒட்டிய ரப்பர் நீச்சலுடை), ஏரோ சைக்கிள் (காற்றின் தடையைக் குறைக்கும் வடிவ சைக்கிள்), ஸ்மார்ட் வாட்ச் என்று அடுக்குகிறார்கள். இவ்வளவும் வேண்டுமா?

பதில்: வேண்டாம். பட்டியலிலிருந்து வெட்சூட்டை முதலில் அடித்துவிடுங்கள். அது மிதக்க உதவும் என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். ஆனால் உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி, 1,500 மீட்டர் வரையிலான நீச்சலில் நீரின் வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வயதுப் பிரிவுப் போட்டியாளர்கள் (உங்களைப் போன்ற, தொழில்முறை அல்லாதவர்கள்) அதை அணியக் கூடாது. வேறு விதிகளில் நடக்கும் போட்டிகளில் இந்த வரம்பு சற்றுக் கூடலாம். வெப்பமண்டலக் கடலில் 27, 28 டிகிரி என்பது சாதாரணம். அந்த நீரில் வெட்சூட்டோடு நீந்தினால் உடல் சூடு வெளியேற வழியிருக்காது.

சைக்கிளும் இருப்பதே போதும். முதல் போட்டிக்கு ஹைப்ரிட் சைக்கிளில் (அன்றாடப் பயன்பாட்டுக்கான நேர் ஹேண்டில்பார் சைக்கிள்) வருபவர்கள் நிறையப் பேர். பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும், ஹேண்டில்பாரின் இரு முனைகளும் அடைப்பால் மூடியிருக்க வேண்டும். சோதனையில் இவற்றைத்தான் பார்ப்பார்கள். பட்டன் டயர் போட்டிருந்தால் வழவழப்பான டயருக்கு மாற்றுங்கள். சீட் உயரத்தை விவரம் தெரிந்தவரிடம் சரிசெய்துகொள்ளுங்கள். ஏரோ சைக்கிளின் அவசியம் இந்தத் தூரத்துக்கு இல்லை.

ஹெல்மெட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். உள்ளே EN 1078 (ஐரோப்பிய) அல்லது CPSC (அமெரிக்க) பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ போட்ட ஹெல்மெட் வேண்டவே வேண்டாம், ஒரு முறை அடிபட்ட நுரைப்பகுதியின் விரிசல் வெளியே தெரியாது. நீச்சல் கண்ணாடி, காலையில் கண்ணில் அடிக்கும் வெயிலுக்காக, நிறமிட்டதாக இருக்கட்டும். ஷூ வாங்க மாலையில் போங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும், அளவு சரியாகத் தெரியும். வாட்ச்? அடுத்த போட்டிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கடலோர ஊரில் ஒருவர் தன் பழைய ரோடு பைக்கை (ஒல்லி டயர் போட்ட பந்தய சைக்கிளை) விற்கிறார். பார்க்கப் புதிதுபோல இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: பெயின்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உப்புக் காற்று தன் வேலையைக் கண்ணில் படாத இடத்தில்தான் செய்யும். சீட் தண்டை உங்கள் முன்னாலேயே தளர்த்தி, மேலும் கீழும் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். அலுமினியமும் எஃகும், அல்லது அலுமினியமும் கார்பனும் உரசியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் இறங்கினால் அரிப்பு ஏற்பட்டு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய தண்டைக் கழற்ற ஃப்ரேமையே அறுக்க நேர்ந்தவர்களும் உண்டு. விற்பவர் "இப்போது ஸ்பேனர் இல்லையே" என்று இழுத்தால், நீங்களே ஒன்று கொண்டுபோங்கள்.

அப்புறம் ஹேண்டில்பார் டேப்பை ஓர் ஓரத்தில் பிரித்துப் பாருங்கள். வியர்வை அதற்குள் தேங்கி அலுமினியத்தைத் தின்றிருக்கலாம். முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹெட்செட்டில் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள பேரிங் தொகுப்பு) ஆட்டம் தெரிந்தால் பேரிங் செலவு காத்திருக்கிறது. செயினின் தேய்மானத்தைக் கருவி வைத்துப் பாருங்கள். தேய்ந்த செயினோடு வெகுநாள் ஓட்டியிருந்தால் பின்சக்கரப் பல்லும் போயிருக்கும். இந்தக் குறைகளைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். கார்பன் ஃப்ரேமில் விரிசல் கண்டால் மட்டும் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்டும் எலக்ட்ரோலைட் பொடிகளில் எது நல்லது?

பதில்: பிராண்டை விடுங்கள், பின்பக்கம் ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று பாருங்கள். வியர்வையில் முக்கியமாகப் போவது அதுதான். ஆளைப் பொறுத்து லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் முதல் ஆயிரத்துக்கு மேல் வரை போகும். வைட்டமின் வரிசை நீளமாகவும் சோடியம் நூறுக்குக் கீழேயும் இருந்தால் அது வெறும் சுவைத்தண்ணீர். தாகத்துக்கு மேல் தண்ணீரை அள்ளிக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். எந்தப் பொடி குடித்தாலும் உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் பயிற்சி தேவை.

கேள்வி: கடல் கொந்தளித்து நீச்சலை ரத்து செய்தால் பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் கிடைக்காது. நீச்சலுக்குப் பதில் ஒரு ஓட்டத்தைச் சேர்த்து டுவாத்லானாக நடத்தும் உரிமையை நிபந்தனைகளிலேயே எழுதிவைத்திருப்பார்கள். பணம் கட்டும் முன் மூன்றைப் பாருங்கள்: காயம் பட்டால் அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியுமா, வேறொருவருக்கு முறைப்படி மாற்றித் தருவார்களா, அதற்குக் கடைசித் தேதி எது. அமைப்பாளர்களிடம் சொல்லாமல் நண்பரிடம் உங்கள் போட்டி எண்ணைக் கொடுத்தனுப்புவது மட்டும் கூடாது. அவருக்கு வழியில் ஏதாவது ஆனால், மருத்துவக் குழுவின் கையில் உங்கள் விவரம்தான் இருக்கும். நிபந்தனைகளைப் பணம் கட்டும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவை மாறினாலும் உங்களிடம் சான்று இருக்கும்.