தெருவுக்கு ஒரு வாசிப்பு, வளவுக்கு ஒரு வாசிப்பு: நாயனக்காரரின் கேள்வி பதில்

காரைக்குடியைச் சுற்றியுள்ள கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் முப்பத்தெட்டு ஆண்டுகளாக நாயனம் (நாகஸ்வரம்) வாசித்து வருகிறேன். வாசிப்பைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் அன்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒரே தோடி ராகத்தை இத்தனை ஆண்டுகள் வாசித்த பிறகும் புதிதாக ஏதாவது தோன்றுமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: தோன்றும். அது எனக்கு எங்கிருந்து வருகிறது என்றால், நான் வாசிக்காமல் இருந்த நாட்களிலிருந்து வருகிறது என்றுதான் சொல்ல வேண்டும். பதினோரு வயதில் என்னை ஒத்து என்னும் சுருதிக் குழலை ஊத வைத்தார்கள். ஒத்துக்காரனுக்குக் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்து, ஆதார சுருதியை அறுபடாமல் பிடிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. ஐந்து ஆண்டுகள் அப்படி நின்றபோது, பக்கத்தில் என் ஆசிரியர் எந்த இடத்தில் தயங்கினார், எந்தப் பிடியைத் தொடாமல் விட்டார் என்பதெல்லாம் என் காதில் இறங்கிக்கொண்டே இருந்தன. அவர் தொடாமல் விட்ட இடங்களிலேதான் இன்று எனக்கு வழி திறக்கிறது. இப்போது ஒத்துக்குப் பதிலாக மின்சாரச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. வசதிதான், ஆனால் ஒரு சிறுவன் ஐந்து ஆண்டுகள் கேட்டுக்கொண்டே நிற்கும் இடம் போய்விட்டது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

கேள்வி: உங்கள் வாசிப்பு மாறியது என்று சொல்லத்தக்க ஒரு நாள் உண்டா? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: உண்டு. இருபத்திரண்டு வயதில், கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை, வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், உட்கார்ந்து வாசித்தேன். கோயில் புறப்பாட்டில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி ஊதிப் பழகியவன் ஆகையால், அதே மூச்சைச் செலுத்தினேன். மேலே வானம் திறந்திருந்தாலும், சுண்ணாம்பு பூசி வழவழப்பாக்கிய சுவர்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் ஒலியைத் திருப்பி அடித்தன. ஒரு ஸ்வரம் அடங்குமுன் அடுத்தது அதன்மேல் விழுந்தது. முற்றத்தை ஒட்டிய பட்டாலையில் உட்கார்ந்திருந்த வயதான ஆச்சி ஒருவர் என்னை அருகில் அழைத்து, “தம்பி, தெருவுக்கு வாசிக்காதப்பா, வீட்டுக்கு வாசி” என்றார்.

அதன்படி வாசிப்பது எளிதாக இல்லை. நாயனத்தில் மூச்சைக் குறைத்தால் சுருதி இறங்கும். இறங்கும் சுருதியை உதட்டால் சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டை) இறுக்கித் தூக்கி நிறுத்த வேண்டும். அன்றிரவு இருந்தவற்றுள் மெல்லிய சீவாளியைத் தேர்ந்து, எச்சிலில் நன்றாக ஊறவிட்டு, விரல் நகத்தில் வைத்து அதன் வாயைச் சற்றே அழுத்திச் சரிசெய்து, நீலாம்பரி ராகத்தைப் பாதி மூச்சில் எடுத்தேன். வேகம் தானாகக் குறைந்தது. பிருகா என்னும் வேகச் சங்கதிகளுக்கு இடமில்லாத இடத்தில், ஸ்வரத்தை அசைத்துப் பிடிக்கும் கமகம் வந்து உட்கார்ந்தது. என் பாணி என்று இன்று சிலர் அன்போடு சொல்வது அந்த வளவு என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட வேகத்தால் உண்டானதேயாகும்.

கேள்வி: ஆசிரியரைப் பின்பற்றினால் சொந்தப் பாணி கெட்டுவிடாதா? (காரைக்குடி மாணவர்)

பதில்: உங்கள் ஊர் வீணைச் சகோதரர்களையே பாருங்கள். தந்தையிடம் ஒரே பாடத்தைக் கற்ற இருவரில், அண்ணன் சுப்பராமய்யர் வீணையைச் செங்குத்தாக நிமிர்த்தி வாசித்தார். தம்பி சாம்பசிவய்யர் வழக்கம்போல் கிடையாக வைத்து வாசித்தார். சேர்ந்தே கச்சேரி செய்தார்கள். பின்பற்றுவதால் ஒருவர் தேய்ந்துபோவதில்லை; அரைகுறையாகப் பின்பற்றினால்தான் அந்த ஆபத்து.

கேள்வி: நாயனத்தில் சொல் கேட்பதில்லையே, பாட்டின் பொருள் தெரிந்து என்ன பயன்? (கண்டனூர் வாசகர்)

பதில்: பெரும்பயன் உண்டு. நாக்கால் காற்றை வெட்டும் துத்துக்காரம் எங்கே விழ வேண்டும் என்பதைச் சொல்தான் முடிவு செய்கிறது. பொருள் அறியாதவன் ஒரு சொல்லை நடுவில் வெட்டிவிடுவான். பாட்டைத் தெரிந்த கேட்பவருக்கு அது உடனே உறுத்தும். கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைய வழிசெய்தார். பொருள் விளங்கும் பாட்டு மேடைக்கு வர வேண்டும் என்று அத்தனை பேர் பாடுபட்ட மண்ணில் இருந்துகொண்டு, நாங்கள் சொல்லை மறந்து ஊதுவது தகாது.

கேள்வி: கல்யாணங்களில் சினிமாப் பாட்டுக் கேட்டால் வாசிப்பீர்களா?

பதில்: வாசிப்பேன். திருப்பூட்டும் (தாலி கட்டும்) வேளைக்கு முன்னும் பின்னும் மட்டும் கேட்காதீர்கள் என்று வேண்டிக்கொள்வேன், பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

கேள்வி: வாசிக்கவே முடியாமல் போன காலம் உண்டா? (குன்றக்குடி வாசகர்)

பதில்: 2020 பங்குனி உத்திரம் ஊரடங்கில் வந்தது. உங்கள் ஊரில் சண்முகநாதர் சந்நிதியில் நின்றிருக்க வேண்டிய மாலையில் நான் வீட்டில் இருந்தேன். பதினைந்து நாட்கள் தொடாமல் விட்டதில் சீவாளி காய்ந்து விரிந்திருந்தது. புதியதை ஊறவைத்து, மொட்டை மாடிக்குப் போய்க் கல்யாணி ராகம் எடுத்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் எங்கள் தவில்காரர் அதைக் கேட்டுத் தம் திண்ணையிலிருந்து தட்டத் தொடங்கினார். தூரத்தால் தாளம் சற்றுப் பிந்தியே என் காதுக்கு வந்தது. சேர்ந்து வாசிக்க இயலவில்லை. ஆகவே நான் நிறுத்தி அவர் வாசிப்பதைக் கேட்டேன். அவர் நிறுத்தியதும் நான் வாசித்தேன். இருட்டும் வரை அப்படியே மாறி மாறி வாசித்தோம்.