படலைத் திறப்பு

அன்புள்ள அக்கா,

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். கொஞ்சக் காலமாக நான் நித்திரையில் எழும்பி நடக்கிறேன் என்கிறார் இவர். விடியப்புறம் நாலு மணிக்குப் படலையைத் திறந்துகொண்டு றோட்டில் நின்றேனாம். கூட்டி வந்து படுக்க வைத்துவிட்டு, பிறகு தட்டி எழுப்பிச் சொல்லுவார். அதற்குமேல் எனக்குக் கண் மூடாது. காலில் மண்கூட ஒட்டியிருக்காது. பகலில் அடுப்பை நூர்க்க மறந்தால், "பார், உனக்கு மூளை குழம்பிப் போச்சு" என்கிறார். டொக்டரிடமும் அவரே கதைத்தார், குளிசை தந்திருக்கிறார்கள். என் பாங்க் காட்டை வாங்கி வைத்துவிட்டார். வேலையையும் விடட்டாம். எனக்கு உண்மையிலேயே வருத்தமா?

(அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன)

அன்புள்ள தங்கச்சி,

காலில் மண் ஒட்டவில்லை என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. உங்கள் பக்கத்து முற்றமெல்லாம் கடல்மணல். வெறுங்காலோடு படலை வரை போய் வந்தால் படுக்கை விரிப்பே நறநறக்கும்.

நித்திரையில் நடக்கிற வருத்தம் உள்ளதுதான். நடந்தவருக்குப் பெரும்பாலும் ஞாபகம் இராது. அதனால்தான் பக்கத்தில் படுப்பவரை டொக்டர்மார் விசாரிக்கிறார்கள். ஆனால் அது ஆழ்ந்த நித்திரையில், வழக்கமாக இரவின் முதல் மூன்றிலொரு பங்கில் வருவது. சின்ன வயதில் தொடங்குவதே அதிகம். சில நித்திரைக் குளிசைகளும் அதைக் கிளப்பும். ஆகவே நாலு மணிக் கதை நடக்கவே நடக்காது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு. இரவிரவாக எழுப்பினால் எவருக்கும் ஞாபகம் தடுமாறும். எழுப்புவதும் அவர், அதனால் வரும் மறதியைக் குற்றமாகக் காட்டுவதும் அவர். பயந்த மனுசன் படலைத் திறப்பையல்லவா ஒளித்து வைப்பான்? பாங்க் காட் என்னத்துக்கு?

டொக்டரிடம் தனியே போங்கள். உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், எழுப்பினது உட்பட. குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்று அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ இருக்கிறது. அடி விழுந்தால்தான் போகலாம் என்றில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மனவதையும் அடங்கும். 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கு முன்பள்ளியில் இருந்து எடுங்கள், அவர் பார்க்கிற போனில் வேண்டாம். இந்தப் பதிலை அவருக்குக் காட்டிச் சண்டை பிடிக்கவும் வேண்டாம்.

வேலையை விடுகிற கடிதம் எழுதியிருந்தால், கொடுக்காதீர்கள்.