பத்து நிமிடத்தில் அணையும் கேஸ் ஹீட்டர், காலையில் துவளும் குஞ்சு

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் கறிக்கோழி வளர்க்கிறேன். மார்கழிக் குளிருக்காக இந்த பேட்சுக்கு ஒரு லட்சம் பிடியு (மணிக்குத் தரும் வெப்பத்தின் அளவு) கேஸ் ஹீட்டர், வெப்பக்காற்று ஊதும் ரகம், புதிதாக வாங்கி, 4,000 குஞ்சு இறக்கியிருக்கிறேன். இன்று ஐந்தாவது நாள். புது சிலிண்டர் போட்டால் ஒரு மணி நேரம் நன்றாக எரிகிறது. அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைகிறது. சிலிண்டரின் மேல் பனி படிகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சிலிண்டரை வெந்நீரில் நிறுத்தச் சொல்கிறார். சூடு வெளியே போகாமல் இருக்கப் படுதாவை முழுக்க மூடிவிட்டேன். தெர்மோஸ்டாட் 92 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது, ஆனாலும் குஞ்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. விடியற்காலை உள்ளே போனால் கண் எரிகிறது, தலை கனக்கிறது, கூளம் ஈரமாக இருக்கிறது, குஞ்சு துவண்டிருக்கிறது. ஹீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஹீட்டரில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. அதற்குப் போகும் கேஸ் போதவில்லை, அது எரிந்து வெளியிடும் புகைக்காற்றுக்கு வெளியேற வழியில்லை. உங்கள் சிக்கல் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

முதலில், இன்றைக்கே செய்ய வேண்டியது. தலை கனக்கிறது என்கிறீர்களே, அதைச் சாதாரணமாக விடாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் கேஸ் எரியும்போது காற்று போதாமல் போனால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாசனை இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று ஆரம்பிக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. அங்கே ஆளைக் கொன்றதும் இதே வாயுதான். இன்று இரவு யாரும் ஷெட்டுக்குள் படுக்க வேண்டாம். படுதாவை இரண்டு பக்கமும் மேலே ஒரு சாண் அளவு இறக்கி வையுங்கள். கண் எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் ஈரக் கூளத்திலிருந்து வரும் அமோனியா. அதுவும் படுதா திறந்தால் குறையும்.

படுதாவைத் திறந்தால் சூடெல்லாம் போய் கேஸ் வீணாகும் என்று நினைப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயுவும் 1.6 லிட்டர் தண்ணீரும் உண்டாகும். தண்ணீர் ஆவியாக வருவதால் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் ஹீட்டருக்குப் புகைபோக்கி இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. இந்த ஊதும் ரகங்களில் பெரும்பாலானவை எரிந்த வாயுவையே வெப்பக்காற்றோடு உள்ளே தள்ளுபவை. 4,000 குஞ்சுக்கு ப்ரூடிங் இடம் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் அடைப்பு) 2,000 சதுர அடி, மேலே பாலித்தீன் கூரை 8 அடியில் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று சுமார் 450 கன மீட்டர். குஞ்சுகள் இருக்கும் இடத்தில் கரியமில வாயு 3,000 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 3,000 பங்கு) தாண்டக் கூடாது. படுதாவை இறுக மூடிவிட்டு ஒரே ஒரு கிலோ கேஸ் எரித்தால் போதும், 4,000ஐத் தொட்டுவிடும். குஞ்சு விடும் மூச்சைச் சேர்க்காமலே இவ்வளவு. இரவு முழுக்க 10 கிலோ எரிந்தால் 16 லிட்டர் தண்ணீரை நீங்களே ஷெட்டுக்குள் தெளித்த மாதிரி ஆகிறது. கூளம் ஏன் ஈரமாகிறது என்று நிப்பிளையும் தண்ணீர்த் தட்டையும் மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது.

இப்போது செலவுக் கணக்கு. மணிக்கு ஒரு கிலோ கேஸ் எரிகிறது என்றால், அதன் கரியமில வாயுவை அளவோடு வைத்திருக்க மணிக்கு 650 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். அதாவது ஏறக்குறைய 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஷெட்டின் காற்று முழுக்க மாற வேண்டும். வெளியே 15 டிகிரி செல்சியஸில் இருக்கும் அந்தக் காற்றை 32க்குக் கொண்டுவர மணிக்கு சுமார் 300 கிராம் கேஸ் செலவாகும். அந்த 300 கிராமை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் குஞ்சு துவள்கிறது. ஈரக் கூளத்தில் ரத்தக்கழிச்சல் கிளம்பினாலோ, வளர்ந்தபின் வயிற்றில் நீர் கோத்துச் செத்தாலோ ஆகும் நஷ்டத்துக்கு முன்னால் இது காசே இல்லை.

திறப்பு எப்போதும் மேலேதான் இருக்க வேண்டும். கீழே தூக்கி வைத்தால் குளிர்காற்று நேராகக் குஞ்சின் மேல் விழும். மேலே இறக்கிவிட்டால் வெளிக்காற்று கூரையடிச் சூட்டில் கலந்து இறங்கும். காற்று பலமாக அடிக்கும் பக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, மறுபக்கத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் டைமர் போட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் ஓட விடுங்கள். அளவு சரியா என்று இப்படிப் பாருங்கள். விடியற்காலை உள்ளே நுழைந்ததும் கண் எரியக் கூடாது, தலை கனக்கக் கூடாது, படுதாவின் உள்பக்கம் நீர் வழியக் கூடாது.

சரி, ஹீட்டர் ஏன் அணைகிறது? சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. அது கொதித்து ஆவியானால்தான் குழாயில் வரும். கொதிக்க வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் சிலிண்டரின் இரும்புச் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. வேகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து பனி பிடிக்கும், உள்ளே அழுத்தம் விழும், சுடர் சிறுக்கும். சுடர் சிறுத்தால், சுடரின் சூட்டை உணரும் தெர்மோகப்பிள் குளிர்ந்து, பாதுகாப்பு வால்வு கேஸை அடைத்துவிடும். கொஞ்ச நேரம் ஓய்ந்தால் அழுத்தம் ஏறும், மறுபடி எரியும், மறுபடி அணையும். நீங்கள் சொல்லும் பத்து நிமிடக் கதை இதேதான்.

ஒரு லட்சம் பிடியு ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு சுமார் 2.3 கிலோ கேஸ் குடிக்கும். உங்கள் ஊர்க் குளிரில் ஒரு 19 கிலோ சிலிண்டர் தொடர்ந்து தரக்கூடியது மணிக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரைதான். புது சிலிண்டர் ஒரு மணி நேரம் தாங்குகிறதே என்றால், நிறைய திரவம் இருக்கும்போது அது நனைக்கும் இரும்புப் பரப்பும் அதிகம், சேர்த்து வைத்த சூடும் அதிகம். மட்டம் இறங்க இறங்க இரண்டும் குறையும். இதில் இன்னொரு நஷ்டமும் ஒளிந்திருக்கிறது. எரியவில்லை என்று நீங்கள் கழற்றித் திருப்பி அனுப்பும் சிலிண்டரில் பல கிலோ கேஸ் பாக்கி இருக்கும். காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருப்பார்கள். ஒன்றைத் தராசில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

அதற்காக வெந்நீர், கரிச்சட்டி, ப்ளோ லாம்ப் எதையும் சிலிண்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று உங்களால் கணிக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது ஒரு சாட்சியே இல்லை.

தீர்வு, நான்கு 19 கிலோ சிலிண்டரை ஒரு பொதுக்குழாயில் இணைத்து நான்கையும் ஒரே நேரத்தில் திறந்து ஓட்டுவது. ஒன்று தீர்ந்ததும் அடுத்தது என்று திறந்தால் பழைய கதைதான். கேஸ் ஏஜென்சி மூலம் ஹோட்டல்களுக்குப் பொதுக்குழாய் போட்டுத் தரும் ஆட்களிடமே செய்யச் சொல்லுங்கள், நீங்களே டி-ஜாயின்ட் வாங்கி ஒட்டுப்போடாதீர்கள். கையிருப்பு மொத்தம் 100 கிலோவைத் தாண்டினால் தனி உரிமம் வாங்க வேண்டியிருக்கும். நான்கோடு மாற்றுக்கு ஒன்று வைத்தால் 95 கிலோ, அதற்குள் அடங்கிவிடும். வீட்டுச் சிவப்பு சிலிண்டரை இதற்குப் போடுவது சட்டப்படி தவறு. வீட்டு அடுப்பு ரெகுலேட்டரும் ஆகாது, அது தரும் அழுத்தமும் அளவும் இந்த ரக ஹீட்டருக்குக் காணாது. ஹீட்டரின் தகட்டில் எத்தனை பார் அழுத்தம் என்று அச்சிட்டிருக்கும். அதற்கேற்ற ரெகுலேட்டரும் ஒரு அழுத்தமானியும் போடுங்கள். அழுத்தமானி இருந்தால் இப்படி எழுதிக் கேட்க வேண்டியதே இல்லை. ஹீட்டர் அணையும் நேரத்தில் முள் கீழே விழுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சிலிண்டர்கள் ஷெட்டுக்கு வெளியே, நிழலில், நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்கவைத்தால் திரவமே குழாயில் இறங்கித் தீ பீறிடும். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சாக்கடை, குழி, ஜெனரேட்டர் பக்கம் வைக்காதீர்கள். சிலிண்டரிலிருந்து ஹீட்டர் வரை நீளமாக ரப்பர் ஹோஸ் இழுக்காமல், சுவரோரம் இரும்புக்குழாய் போட்டு, கடைசித் துண்டு மட்டும் ஹோஸ் வைப்பது நல்லது. கோழி ஷெட்டில் எலி இல்லாமல் இருக்காது, எலிக்கு ஹோஸ் என்றால் தனி ஆசை. ஒவ்வொரு பேட்சுக்கும் முன் எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். அமோனியா நெடியில் பழகிய மூக்கு கேஸ் வாசனையைத் தவறவிடும்.

நான்கு சிலிண்டர் போட்ட பிறகும் அணைந்தால், அணையும் நொடியில் பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபேன் ஓடிக்கொண்டே சுடர் மட்டும் போனால் தெர்மோகப்பிள் முனையில் கரி படிந்திருக்கலாம், அல்லது முனை சுடரைவிட்டு விலகியிருக்கலாம். நைஸ் உப்புத்தாளால் துடைத்து, முனை சுடருக்குள் இருக்கும்படி சரிசெய்தால் போதும். ஃபேன் மந்தமாகச் சுற்றி அப்புறம் எல்லாமே நின்றால் வோல்டேஜ் குறைவு. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது சட்டென நின்று, ஆறும் வரை எரியாமல் இருந்தால் அதிகச்சூட்டுக் காப்பு வெட்டியிருக்கிறது. காற்று இழுக்கும் வலையில் தூசியும் சிறகும் அடைத்திருக்கும், அல்லது சுவரோடு ஒட்டி வைத்திருப்பீர்கள். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக நீண்டால் காற்று போதவில்லை, உங்களுக்குத் தலை கனப்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. ஜெட் (கேஸ் வரும் சிறு துளை) அடைத்திருந்தால் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அப்புறம் எப்போதும் மஞ்சள் சுடர்தான். கேஸை அடைத்துவிட்டுக் கம்ப்ரஸர் காற்றால் ஊதுங்கள். நிறுத்தும்போது முதலில் கேஸை மூடி, ஃபேனை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். மெயின் ஸ்விட்சைத் தட்டி நிறுத்தும் பழக்கம் பையன்களுக்கு உண்டு, அதில் உள்ளே இருக்கும் சூடு ஒயரையும் மோட்டாரையும் வாட்டும்.

அடுத்தது 92 டிகிரி விவகாரம். தெர்மோஸ்டாட் சென்சாரை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? ஆள் தலை உயரத்தில் என்றால் அது உங்களுக்குச் சூடு சொல்கிறது, குஞ்சுக்கு அல்ல. வெப்பக்காற்று மேலே ஏறிக்கொள்ளும், தரை பல டிகிரி குறைவாக இருக்கும். சென்சாரைக் குஞ்சின் முதுகு உயரத்தில், ஹீட்டர் காற்று நேராகப் படாத இடத்தில், ப்ரூடிங் இடத்தின் நடுவில் தொங்கவிடுங்கள். முதல் இரண்டு நாள் அந்த உயரத்தில் 90 முதல் 93 டிகிரி ஃபாரன்ஹீட், கூளத்தின் மேல் குறைந்தது 86. அங்கிருந்து நாளுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறைத்துக்கொண்டு போகலாம். ஹீட்டரின் வாய் குஞ்சை நோக்கி இருந்தால் சூடான காற்றானாலும் ஊதலில் குஞ்சு காய்ந்து போகும், எதிர்மூலையில் போய்க் குவியும். தரையிலிருந்து நன்றாக உயர்த்தி, சங்கிலியில் கட்டி, கிடைமட்டமாக நீளவாக்கில் ஊத விடுங்கள். பாலித்தீன் கூரையோ படுதாவோ வாய்க்கு எதிரே வரக் கூடாது. எத்தனை அடி விட வேண்டும் என்பது ஹீட்டர் கையேட்டில் இருக்கும், அதற்கு மேல் வேண்டுமானால் விடுங்கள், கீழே குறைக்காதீர்கள். உமியும் நார்த்தூளும் பற்றினால் ஷெட்டே போய்விடும்.

அடுத்த பேட்சுக்குக் குஞ்சு இறங்குவதற்கு 24 மணி நேரம் முன்பே ஹீட்டரைப் போடுங்கள். உங்கள் ஊர் மார்கழிக்கு 36 மணி நேரம் என்றாலும் சரிதான். காற்று ஒரு மணி நேரத்தில் சூடாகிவிடும், தரைக்கு ஒரு நாள் வேண்டும். உங்கள் குஞ்சு 92 டிகிரியிலும் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த பேட்சைப் பொறுத்தவரை, பொதுக்குழாய் வரும் வரை காத்திருக்க முடியாது. ஹீட்டரில் சுடரைக் குறைக்கும் குமிழ் இருந்தால் பாதிக்குக் குறைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிலிண்டரை மாற்றுங்கள். மாற்றும்போது ஹீட்டரை அணைத்து, பக்கத்தில் பீடி, லைட்டர் எதுவும் இல்லாமல் செய்யுங்கள். ப்ரூடிங் இடத்தைக் கொஞ்சம் சுருக்கி, சூடு தரும் பழைய குண்டு பல்புகள் இருந்தால் அவற்றையும் எரியவிடுங்கள். ஈரமான கூளத்தை வாரிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள், மீதியைப் பகலில் கிளறி விடுங்கள். துவண்ட குஞ்சுகள் நாளை மதியத்துக்குள் தெளிந்து தீவனத் தட்டுக்கு வரவில்லையென்றால், அல்லது தொப்புள் வீங்கியோ வயிறு உப்பியோ இருந்தால், அது காற்றுக் குறைவு மட்டுமல்ல. செத்த குஞ்சு இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு ஓசூர் கால்நடை மருத்துவமனைக்கோ கம்பெனி மருத்துவரிடமோ போய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு ஹீட்டர் வாங்கும் எண்ணம் வந்தால் புகைபோக்கி உள்ள ரகமாகப் பாருங்கள். விலை கூடுதல், கொஞ்சம் சூடும் புகையோடு போகும். ஆனால் எரிந்த வாயுவும் தண்ணீரும் வெளியே போய்விடும். உங்களைப் போலக் குளிர் ஊரில் மூன்று மாதம் படுதா மூடி வளர்ப்பவர்களுக்கு அதுதான் ஏற்றது என்பது என் எண்ணம். குளிர் குறைந்த பல்லடம், உடுமலைப் பக்கம் கேட்டால் இந்த யோசனையைச் சொல்ல மாட்டேன்.