டிரம் மாட்யூல் பேக்கப்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

நெம்மாறா வேலைத் திருவிழா, அப்புறம் வரிசையாகக் கானமேளா என்னும் பாட்டுக் கச்சேரிகள் என்று சீசன் நெருங்கிவிட்டது. எலக்ட்ரானிக் டிரம்மின் மூளையான மாட்யூலில் செய்து வைத்த செட்டிங்குகளை எப்படிப் பத்திரப்படுத்துவது, இன்னொரு மாட்யூலுக்கு எப்படி மாற்றுவது என்று சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒன்றை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். மாட்யூலுக்குள் இருப்பது ஒரே சாமான் இல்லை. எந்தப் பேடுக்கு எந்தச் சத்தம் என்று நாம் அமைத்த கிட் ஒன்று, பேடின் அடியைப் படிக்கும் டிரிகர் செட்டிங் ஒன்று, நாமே ஏற்றிய சத்தத் துண்டான சாம்பிள் ஒன்று. வந்திருக்கும் சிக்கலில் பாதி, இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால் வந்ததுதான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: "அண்ணா, ரோலண்ட் டிடி-17 மாட்யூல்ல 64 ஜிபி எஸ்டி கார்டு போட்டேனுங்க. எடுக்கவே மாட்டேங்குது. ஸ்லாட் போயிருச்சுங்களா?"

ஸ்லாட்டில் கோளாறு இருக்காது தம்பி. டிடி-17 ஏற்பது எஸ்டிஎச்சி கார்டு, அதாவது 32 ஜிபி வரைக்கும். 64 ஜிபி கார்டு எஸ்டிஎக்ஸ்சி வகை. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகி வரும். பழைய போன், கேமராவில் கிடக்கும் 8 அல்லது 16 ஜிபி கார்டே தாராளம். அதில் வேண்டியது எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு, மாட்யூலுக்குள்ளேயே ஃபார்மட் செய்யுங்கள்.

சேவ் செய்யும்போது யூசர் சாம்பிளையும் சேர்க்கவா என்று கேட்கும். நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் சேர்த்துவிடுங்கள். சேர்க்காமல் எடுத்த பேக்கப்பை வேறு மாட்யூலில் ஏற்றினால் கிட்டின் பெயர் வரும், பேடைத் தட்டினால் உங்கள் சாம்பிள் மட்டும் பேசாது. இந்த வேலையை ஜெனரேட்டர் ஓடும் மைதானத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டில் இருப்பது கெட்டுப்போகலாம்.

வேலந்தாவளத்திலிருந்து: "யுஎஸ்பி கேபிள்ல லேப்டாப்ல மாட்டினா ஒரு ஃபைலும் தெரியலீங்களே?"

டிடி-17ல் அந்தக் கேபிள் வழியாகப் போவது மிடியும் (எதை எவ்வளவு பலமாக அடித்தோம் என்பது போன்ற தகவல்) ஆடியோவும்தான். கார்டைக் கழற்றி ரீடரில் போடுங்கள். உள்ளே ரோலண்ட் என்றிருக்கும் ஃபோல்டரை முழுசாக, அப்படியே காப்பி செய்யுங்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயரை மாற்றாதீர்கள், மாட்யூல் அடையாளம் கண்டுகொள்ளாது. தேதி போட வேண்டுமென்றால் வெளியே இன்னொரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குப் போடுங்கள்.

கோவிந்தாபுரத்திலிருந்து: "சர்ச்சிலயும் வீட்டிலயும் ஒரே மாடல் மாட்யூல். வீட்டு பேக்கப்ப சர்ச்சில ஏத்தினதும் ஸ்நேர் ரெண்டு ரெண்டா விழுது, ஹைஹேட் மூடவே மாட்டேங்குது."

மொத்தத்தையும் லோடு செய்தபோது உங்கள் வீட்டு டிரிகர் செட்டிங்கும் கூடவே போய்விட்டது. வீட்டு பேடின் தோலும் இறுக்கமும் வேறு, சர்ச்சில் உள்ளது வேறு. டிரிகர் செட்டிங் எப்போதும் பேடுக்குச் சொந்தம். கண்ணாடிக் கடையில் அடுத்தவர் பவரை வாங்கிப் போட்டதுபோல ஆகிவிட்டது.

முதலில் ஒவ்வொரு இன்புட்டிலும் பேட் மாடல் சரியாக இருக்கிறதா பாருங்கள். தப்பான மாடல் இருந்தால் வேறெதைத் திருகியும் பயனில்லை. அப்புறம் ஸ்நேர். ஒரே அடி இரண்டாகக் கேட்டால் ரீடிரிகர் கேன்சலை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒரேயடியாக ஏற்றிவிட்டால் வேகமான ரோலில் அடிகள் விழுங்கப்படும். தொடாமலே சத்தம் வந்தால் த்ரெஷோல்டை, அதாவது அடியாக எடுத்துக்கொள்ளும் குறைந்தபட்ச அளவை, கொஞ்சம் கூட்டுங்கள். டாமை அடித்தால் பக்கத்துப் பேட் பேசுகிறதா? அது கிராஸ்டாக், அதற்குத் தனி அளவு உண்டு.

விஎச்-10 மாதிரி ஸ்டாண்டில் நிற்கும் ஹைஹேட் என்றால் ஆஃப்செட்டைப் புதிதாக வைக்க வேண்டும். மேல் தட்டைக் கம்பியில் பிடித்திருக்கும் கிளட்சைத் தளர்த்தி, அந்தத் தட்டு தன் எடையில் சென்சார் மேல் உட்காரட்டும். காலைப் பெடலில் வைக்காதீர்கள். திரையில் உள்ள மீட்டரைப் பார்த்துக்கொண்டே, ஹைஹேட்டின் அடியில் உள்ள ஆஃப்செட் திருகைத் திருப்பி, மாட்யூல் காட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கிளட்சை வழக்கமான உயரத்தில் இறுக்குங்கள். அடுத்த முறை மொத்தமாக ஏற்றாமல், தேவையான கிட்டை மட்டும் லோடு செய்யுங்கள். மெனுவில் அந்த வசதி இருக்கிறது.

சித்தூரிலிருந்து: "எங்கிட்ட இருக்கறது பழைய எஸ்பிடி-20. பென் டிரைவ் சொருகவே இடமில்ல. 99 பேட்சும் என் உழைப்புங்க."

உங்கள் கேள்விக்குத்தான் ரொம்ப நேரம் கொடுக்க ஆசை. நம்ம பக்கத்துக் கச்சேரிகள் எத்தனையோ வருசம் இந்தப் பேடில்தான் ஓடியிருக்கின்றன. இதற்கு வழி மிடி பல்க் டம்ப், அதாவது உள்ளே இருக்கும் பேட்ச்களை (கிட் மாதிரிதான்) மிடி கேபிள் வழியாக மொத்தமாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது. மிடி 1983ல் வந்த பழைய முறை, நொடிக்கு 3 கிலோபைட் அளவுதான் போகும். அவசரப்படாதீர்கள்.

பேடின் மிடி அவுட்டிலிருந்து யுஎஸ்பி இன்டர்ஃபேஸின் இன்புட்டுக்கு ஒரு கேபிள். மென்பொருள், விண்டோஸ் என்றால் மிடி-ஆக்ஸ், மேக் என்றால் சிஸ்எக்ஸ் லைப்ரேரியன். கம்ப்யூட்டரைப் பெறும் நிலையில் வைத்த பிறகே பேடில் டம்ப்பை அனுப்புங்கள். ரொம்ப மலிவான இன்டர்ஃபேஸ் கேபிள்களில் நோட் எல்லாம் சரியாகப் போகும், டம்ப் போகும் நீளமான சிஸ்எக்ஸ் செய்தி மட்டும் நடுவில் அறுந்துவிடும். ஆகவே டம்ப்பை இரண்டு தடவை எடுத்து, இரண்டு ஃபைலும் ஒரே அளவா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இன்டர்ஃபேஸை மாற்றுங்கள்.

அதோடு விடாதீர்கள். ஒரு பேட்சில் ஏதாவது ஒரு பேடின் சத்தத்தை வேண்டுமென்றே மாற்றிவிட்டு, ஃபைலைத் திருப்பி அனுப்புங்கள். பழைய சத்தம் திரும்பி வந்தால்தான் அது பேக்கப். வரவில்லையென்றால் கேபிள் இந்த முறை மிடி இன்னில் இருக்கிறதா, எடுத்தபோது பேடில் இருந்த டிவைஸ் ஐடியே (மிடியில் அதன் அடையாள எண்) இப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து: "எஸ்பிடி-30 கிட்டெல்லாம் எஸ்பிடி-எஸ்எக்ஸ்க்குப் போகுமா?"

போகாது. இரண்டும் ஒரே கம்பெனியாக இருந்தாலும் உள்ளே சத்தம் உண்டாகும் விதமே வேறு. ஒவ்வொரு சத்தத்தையும் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் ஃபைலாகப் பதிவு செய்து, வேவ் மேனேஜர் என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் வழியாக ஏற்ற வேண்டும். மெதுவான அடி, பலமான அடி இரண்டையும் தனித்தனியாக எடுங்கள்.

செண்டை சத்தத்துக்காக மட்டும் இவ்வளவு பாடு என்றால், என் அபிப்பிராயம் வேறு. உங்கள் ஊரிலேயே மேளக்காரர்கள் இருக்கிறார்கள். கேட்டு, உரிய பணம் கொடுத்து, செண்டையின் இரண்டு முகங்களான இடந்தலையையும் வலந்தலையையும் நேராகப் பதிவு செய்யுங்கள். அந்தக் கோல் விழும் சத்தத்துக்கு எந்த ரெடிமேட் சாம்பிளும் கிட்ட வராது.

பொள்ளாச்சியிலிருந்து: "சிஸ்டம் அப்டேட் போடலாமுங்களா?"

போடலாம். ஆனால் பேக்கப் எடுத்த பிறகு. இரண்டு மாட்யூலுக்கு நடுவே மாற்றுவதென்றால் இரண்டையும் ஒரே வெர்ஷனுக்குக் கொண்டுவந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வாளையாரிலிருந்து: "சவுண்ட் செட்காரர் கொண்டுவர்ற மாட்யூல்ல வாசிக்கணும். அரை மணி நேரந்தான் இருக்கும். எப்படிண்ணா?"

மாடல் என்ன என்று முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள். அதே மாடல் இல்லையென்றால் கார்டு உதவாது. சாம்பிள்களை வேவ் ஃபைலாகப் பென் டிரைவிலும் வைத்திருங்கள். அங்கே போனதும், உங்கள் கார்டில் காலியான ஒரு எண்ணில் அவர்களுடைய செட்டிங் முழுவதையும் முதலில் சேவ் செய்யுங்கள். அது அவர்களுடைய பிழைப்பு. பிறகு உங்கள் கிட்களை மட்டும் ஏற்றி, பாட்டு வரிசைப்படி ஒரு சுற்று தட்டிப் பாருங்கள். கச்சேரி முடிந்ததும் அவர்கள் செட்டிங்கைத் திரும்ப லோடு செய்து, அவர்கள் ஆளை நிற்கவைத்து எல்லாப் பேடையும் தட்டிக் காட்டிவிட்டுக் கார்டை எடுங்கள்.